ஒரே காளை, இரண்டு தொழுவம்

2018 ஆகஸ்ட் 31-ஆம் தேதி மொனாக்கோவில் யூரோப்பா லீக் குலுக்கல் நடந்தது. ஒரே நாட்டைச் சேர்ந்த இரண்டு அணிகள் ஒரே பிரிவில் விழுந்துவிடக் கூடாது என்பதில் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஏஃபா அப்போது வெகு கண்டிப்பாக இருந்தது. ரஷ்ய அணியும் உக்ரைன் அணியும் மோதிவிடக் கூடாது என்பதிலும் அப்படித்தான். ஆனால், ரெட்புல் என்ற ஒரே பானக் கம்பெனியின் காசில் வளர்ந்த இரண்டு அணிகள் ஒரே பிரிவில் வந்து விழுந்தால்? அதற்குத் தடை இருக்கவில்லை. விழுந்தன. ‘பி’ பிரிவில், தரவரிசைப்படி பிரித்த முதல் தட்டிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், அடுத்து ஸ்காட்லாந்தின் செல்டிக், மூன்றாம் தட்டிலிருந்து ஜெர்மனியின் ஆர்பி லைப்ஸிக், கடைசியாக நார்வேயின் ரோசன்போர்க்.

அந்தத் தட்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐரோப்பியத் தரவரிசைப்படி அன்று சால்ஸ்பர்க் மேலே, லைப்ஸிக் கீழே. ஆனால், ரெட்புல் குடும்பத்துக்குள் லைப்ஸிக்தான் செல்லப்பிள்ளை. சால்ஸ்பர்க் அதற்கு ஆள் வளர்த்துக் கொடுக்கும் வீடு. இந்த முரண்தான் அந்த வருடம் செப்டம்பர் 20, வியாழக்கிழமை இரவு லைப்ஸிக்கில் நடந்த ஆட்டத்தின் சாரம். இரண்டு அணிகளும் அதிகாரப்பூர்வமான போட்டி ஒன்றில் மோதியது அதுவே முதல் முறை. அந்த வருடம் மே மாதமே மோதியிருக்கலாம். யூரோப்பா லீக் காலிறுதியில் லைப்ஸிக்கையும் அரையிறுதியில் சால்ஸ்பர்க்கையும் ஃபிரான்ஸின் மார்சேய் அணி வெளியே தள்ளிவிட்டதால், யூஏஃபாவுக்கு நாலு மாதம் நிம்மதி கிடைத்தது.

குலுக்கலோடு அந்த நிம்மதி போய்விட்டது. இரண்டு அணிகளுக்கும் ஒருவரே படியளக்கிறார் என்றால் ஆட்டம் நேர்மையாக நடக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. என்னைக் கேட்டால், அது தப்பான இடத்தில் விழுந்த சந்தேகம். தொண்ணூறு நிமிடங்களில் எந்தத் திருகுதாளமும் நடக்க வாய்ப்பிருக்கவில்லை. கவலைப்பட வேண்டியது அந்தத் தொண்ணூறு நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பற்றி. அதற்கு 2005-ஆம் வருடத்துக்குப் போகவேண்டும்.

ஊதா நிறம் போன கதை

ஆஸ்திரியாவின் டீட்ரிஷ் மாடெஷிட்ஸ், தாய்லாந்தில் லாரி ஓட்டுநர்களும் கூலித் தொழிலாளர்களும் குடித்துக்கொண்டிருந்த ஓர் ஊக்க பானத்தைப் பார்த்து அசந்துபோனவர். அதைத் தயாரித்த சாலியோ யூவித்யாவுடன் கூட்டுச் சேர்ந்து 1984-இல் கம்பெனி தொடங்கினார். 1987-இல் ஆஸ்திரியக் கடைகளுக்கு வந்தது ரெட்புல். தலைமையகம், சால்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஃபுஷ்ல் ஏரிக்கரை கிராமம். கார் பந்தயம், பனிச்சறுக்கு என்று எதை எடுத்தாலும் அதில் தன் காளையைப் பொறித்துவிடும் கம்பெனி, பக்கத்து ஊர்க் கால்பந்து அணியை மட்டும் விட்டுவைக்குமா?

அந்த அணியின் பெயர் ஆஸ்திரியா சால்ஸ்பர்க். 1933-இல் பிறந்தது. ஊதாவும் வெள்ளையும் அதன் நிறங்கள். 1994-இல் யூஏஃபா கோப்பையின் இறுதிப் போட்டி வரை போய் இண்டர் மிலானிடம் இரண்டு ஆட்டங்களிலும் ஒற்றைக் கோலில் தோற்ற அணி. அந்தப் பயணத்தில் வரிசையாக இரண்டு ஜெர்மன் அணிகளை அது வீட்டுக்கு அனுப்பியது. காலிறுதியில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட், அரையிறுதியில் கார்ல்ஸ்ரூஹே. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு எதிரான பெனால்ட்டி உதையில் சால்ஸ்பர்க்கின் கோல்கீப்பர் ஓட்டோ கொன்ராட் தடுக்கவும் செய்தார், தானே வந்து ஒரு கோலையும் அடித்தார். சால்ஸ்பர்க்கில் நடுவயதைத் தாண்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தக் கதை வரும்.

2005 ஏப்ரலில் ரெட்புல் அந்த அணியை வாங்கியது. பெயர் மாறியது, சின்னம் மாறியது, சட்டை சிவப்பு-வெள்ளைக்கு மாறியது. அணி தொடங்கிய ஆண்டாக 1933-க்குப் பதில் 2005 என்றே போட முயன்றார்கள். ஆஸ்திரியக் கால்பந்து அமைப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஊதா எங்கே என்று ரசிகர்கள் கேட்டபோது, கோல்கீப்பரின் காலுறையில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்தது நிர்வாகம். ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறிப் பழைய பெயரில், பழைய ஊதாவில் புது அணியைத் தொடங்கினார்கள். நாட்டின் ஏழாவது, அதாவது கடைசிப் படியிலிருந்து ஏறத் தொடங்கிய அந்த அணி 2015-இல் இரண்டாம் டிவிஷனைத் தொட்டது. பிறகு பணமுடையில் சறுக்கியது.

உள்நாட்டில் ரெட்புல் சால்ஸ்பர்க்குக்கு எதிரியே இல்லாமல் போனது. 2014 தொடங்கி 2018 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள். ஆனால், மாடெஷிட்ஸ் எதற்காகச் செலவழித்தாரோ, அந்த சாம்பியன்ஸ் லீக் பிரதானச் சுற்று மட்டும் 2018 வரை கண்ணில் காட்டிக் கையில் சிக்காத கனியாகவே இருந்தது. லக்ஸம்பர்க்கின் டூடலாஞ்சிடம்கூட 2012-இல் தோற்றிருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் நடந்தது இன்னும் கொடுமை. ரெட் ஸ்டார் பெல்கிரேடுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் மோவனஸ் தபூரின் இரண்டு கோல்களால் 2-0 முன்னிலை. 65-வது, 66-வது நிமிடங்களில் எதிரணி அடுத்தடுத்து இரண்டு கோல். வெளியூரில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற அப்போதைய விதிப்படி சால்ஸ்பர்க் வெளியே. அதனால்தான் அந்த வருடம் யூரோப்பா லீக்கில் நின்றது.

ஐந்தாம் படியிலிருந்து

ஆஸ்திரிய லீக் சின்னது. அங்கே ஜெயித்து உலகத்தின் கவனத்தை ஈர்க்க முடியாது என்று ரெட்புல்லுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பக்கத்து ஜெர்மனியில்தான் சந்தை. ஆனால், அங்கே ஒரு வேலி உண்டு. அணியின் வாக்குரிமையில் பெரும்பான்மை அதன் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்ற ‘50+1’ விதி. 2006-இல் எஃப்சி ஸாக்ஸன் லைப்ஸிக் அணியைத் தொட்டுப் பார்த்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், கால்பந்து அமைப்பும் கைவிரித்தது. 2009-இல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். லைப்ஸிக் நகரத்துக்கு வெளியே உள்ள மார்க்ரான்ஷ்டெட் என்ற சிற்றூர் அணியின் ஐந்தாம் டிவிஷன் உரிமத்தை வாங்கிப் புது அணியை நிறுத்தினார்கள். பெயரில் விளம்பரம் கூடாது என்பதால் ‘ரசன்பால்ஷ்போர்ட்’ என்று யாரும் கேள்விப்படாத ஒரு சொல்லை உருவாக்கி அதன் சுருக்கமாக ‘ஆர்பி’ என்று வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் விதியையும் மீறவில்லை. வாக்குரிமையுள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். மற்ற அணிகளில் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏழே வருடம். 2016-இல் பூண்டஸ்லிகா, நுழைந்த முதல் வருடமே பயர்ன் மியூனிக்குக்கு அடுத்த இரண்டாம் இடம். ஜெர்மன் ரசிகர்களின் வெறுப்பும் அதே வேகத்தில் வளர்ந்தது. 2014-இல் யூனியன் பெர்லின் ரசிகர்கள் கறுப்பு மழைக்கோட்டு அணிந்து முதல் பதினைந்து நிமிடம் வாய் திறக்காமல் நின்றார்கள். 2016-இல் டிரெஸ்டனில் நடந்த கோப்பை ஆட்டத்தில் வெட்டப்பட்ட காளைத் தலையே மைதானத்தின் ஓரத்தில் வந்து விழுந்தது.

ஆனாலும் இதை வெறும் பணத்தின் அட்டகாசம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. காரணம், அந்த ஊர். ஜெர்மன் கால்பந்து அமைப்பு 1900-இல் பிறந்ததே லைப்ஸிக்கில்தான். முதல் ஜெர்மன் சாம்பியனும் (1903) லைப்ஸிக் அணிதான். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் லோகோமோட்டிவ் லைப்ஸிக் 1987-இல் கப் வின்னர்ஸ் கப்பின் இறுதி வரை போய் அயாக்ஸிடம் மார்கோ வான் பாஸ்டனின் ஒற்றைக் கோலில் தோற்றது. வழியில் அது வீழ்த்திய அணிகளில் ஆஸ்திரியாவின் ராபிட் வியன்னாவும் ஒன்று. ஜெர்மனிகள் இணைந்த பிறகு கிழக்கின் அணிகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. ஒரு லட்சம் பேர் உட்கார்ந்த பழைய சென்ட்ரல் ஸ்டேடியத்தின் மண்மேட்டுக்கு உள்ளேயே 2006 உலகக் கோப்பைக்காகப் புது மைதானம் கட்டினார்கள். அதில் ஆட உருப்படியான உள்ளூர் அணி இல்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் ரெட்புல் புகுந்தது. பூண்டஸ்லிகா கால்பந்தை ஊருக்குக் கொண்டுவந்தவர்களிடம் லைப்ஸிக் மக்கள் தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

இரண்டு தொழுவங்களையும் ஒரே பண்ணையாக மாற்றியவர் ரால்ஃப் ரங்னிக். எண்பதுகளில் ஜெர்மனியின் பாக்னாங் என்ற ஊரில் கீழ்மட்ட அணி ஒன்றின் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். குளிர்காலப் பயிற்சிக்கு அந்தப் பக்கம் வந்த, பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கியின் டைனமோ கீவ் அணி, அவர்களோடு நட்பு ஆட்டம் ஒன்று ஆடியது. பந்து யாரிடம் போனாலும் இரண்டு மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். எதிரணியில் பதினொரு பேருக்கு மேல் இறங்கிவிட்டார்களோ என்று ரங்னிக் ஆட்டத்தின் நடுவே எண்ணிப் பார்த்தாராம். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பந்தைப் பறிகொடுத்தால் எட்டு விநாடிக்குள் மீட்கவேண்டும். மீட்டால் பத்து விநாடிக்குள் கோலை நோக்கி அடித்துவிடவேண்டும். இதுதான் அவருடைய வேதம்.

2012-இல் மாடெஷிட்ஸ் அவரை ஒரே நேரத்தில் சால்ஸ்பர்க், லைப்ஸிக் இரண்டுக்கும் விளையாட்டு இயக்குநராக வைத்தார். ஆடும் முறை ஒன்று. வாங்கும் வயது ஒன்று, அதாவது இருபத்து மூன்றுக்குக் கீழே. ஆள் தேடும் கண்களும் ஒன்று. 2015-இல் சால்ஸ்பர்க் பொறுப்பைக் கைவிட்டு லைப்ஸிக்கோடு நின்றுகொண்டார். அதற்குள் வாய்க்கால் வெட்டியாகிவிட்டது. கோல்கீப்பர் பீட்டர் குலாச்சி, நடுகளத்தில் ஸ்டெஃபான் இல்ஸாங்கர், பிறகு நாபி கெய்டா, பெர்னார்டோ, தயோ உபமெகானோ, கொன்ராட் லைமர் என்று வருடா வருடம் சால்ஸ்பர்க்கிலிருந்து லைப்ஸிக்குக்கு ஆள் போனது. மார்செல் ஸாபிட்ஸரின் கதை இன்னும் சுவாரசியம். 2014-இல் ராபிட் வியன்னாவிலிருந்து அவரை வாங்கியது லைப்ஸிக். வாங்கிய கையோடு ஒரு வருடம் சால்ஸ்பர்க்குக்கு இரவல் கொடுத்தது. ஜென்ம வைரியின் சட்டையில் தங்கள் பையனைப் பார்த்த ராபிட் ரசிகர்களின் மனநிலையைச் சொல்லவும் வேண்டுமா?

இந்த வாய்க்காலின் உச்சம் கெய்டா. கினி நாட்டுக்காரர். 2014-இல் ஃபிரான்ஸின் சிறிய அணி ஒன்றிலிருந்து சால்ஸ்பர்க் அழைத்து வந்தது. 2016-இல் லைப்ஸிக். 2018 ஜூலையில் லிவர்பூல். ஒவ்வொரு படியிலும் விலை ஏறியது. பெரிய லாபம் எந்தப் படியில் விழுந்தது என்று பார்த்தால், சால்ஸ்பர்க்கில் இல்லை. சாடியோ மானேவை சால்ஸ்பர்க் நேராக இங்கிலாந்துக்கு விற்றது. அது ‘வாய்க்காலுக்கு முந்தைய’ காலம்.

சால்ஸ்பர்க் ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஆட்டக்காரர்களிலும் ஒருவர் வெளிப்படையாகப் பேசினார். சிறுவயதிலிருந்து அங்கேயே வளர்ந்த தடுப்பாட்டக்காரர் மார்ட்டின் ஹின்டரெகர், 2016-இல் ஆக்ஸ்பர்க்குக்குப் போகும்போது, லைப்ஸிக் தன் பழைய அணியைச் சீரழிக்கிறது என்றும் அங்கே ஒருபோதும் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். 2018 ஜூன் 2-ஆம் தேதி கிளாகன்ஃபர்ட்டில் மழையால் தாமதமாகத் தொடங்கிய ஆட்டத்தில் ஆஸ்திரியா 2-1 என்று ஜெர்மனியைத் தோற்கடித்ததே, அதில் ஆஸ்திரியாவின் முதல் கோலை அடித்தவர் இதே ஹின்டரெகர்தான்.

காகிதத்தில் பிரிந்த வீடு

2017-இல் இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றபோது யூஏஃபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்கைப் பார்க்க உட்கார்ந்தது. ஒருவரே இரண்டு அணிகளில் தீர்மானகரமான செல்வாக்கு வைத்திருந்தால் ஓர் அணிதான் ஆடலாம் என்பது விதி.

அந்த விதிக்கும் ஒரு கதை உண்டு. 1997-98 கப் வின்னர்ஸ் கப் காலிறுதியில் இருந்த எட்டு அணிகளில் மூன்று - கிரீஸின் ஏஇகே ஏதென்ஸ், செக் நாட்டின் ஸ்லாவியா பிராக், இத்தாலியின் விசென்சா - எனிக் என்ற ஒரே முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தன. அலறியடித்துக்கொண்டு யூஏஃபா விதியைப் போட்டது. எனிக் வழக்குப் போட்டது. 1999-இல் விளையாட்டு நடுவர் மன்றம் விதி செல்லும் என்றது. நடுவர் மன்றம் சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆட்டத்தில் உண்மையிலேயே தில்லுமுல்லு நடந்ததா என்பது மட்டும் முக்கியமல்ல, நடக்கலாம் என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் எழுவதே போட்டியைக் கெடுத்துவிடும்.

ரெட்புல் விஷயத்தில் யூஏஃபா கணக்கைப் பார்த்தது. லைப்ஸிக்கின் தொழில்முறை கால்பந்துக் கம்பெனியில் 99 சதவீதப் பங்கு ரெட்புல்லிடம். அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆகவே, சால்ஸ்பர்க்கின் பக்கம்தான் கத்தரிக்கோல் போட்டார்கள். ரெட்புல்லோடு தொடர்புள்ள சிலர் நிர்வாகத்திலிருந்து விலகினார்கள். ஸ்பான்சர் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்த ஒத்துழைப்பு ஏற்பாடுகள் முடித்துக்கொள்ளப்பட்டன. இனி ரெட்புல் சால்ஸ்பர்க்குக்கு வெறும் ஸ்பான்சர்தான் என்று 2017 ஜூன் 20-ஆம் தேதி தீர்ப்பானது. ஐரோப்பியப் போட்டிகளில் சால்ஸ்பர்க்குக்கு ‘எஃப்சி சால்ஸ்பர்க்’ என்று பெயர், சின்னமும் வேறு. தீர்ப்பு மறுபக்கம் விழுந்திருந்தால் யார் வெளியே போயிருப்பார்கள் தெரியுமா? லைப்ஸிக். உள்நாட்டு லீக்கில் மேலே முடித்தவருக்கே முன்னுரிமை. சால்ஸ்பர்க் சாம்பியன், லைப்ஸிக் இரண்டாமிடம். செல்லப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால், காகிதத்தில் பாகப்பிரிவினை செய்துகொண்டு அடுப்பை மட்டும் ஒன்றாக வைத்திருக்கும் பங்காளிகளை நாம் பார்த்ததில்லையா? கொன்ராட் லைமர் லைப்ஸிக்குக்கு மாறியது அந்தக் கோடை காலத்தில்தான்.

கிஹோன் நிழல்

ஜெர்மனி-ஆஸ்திரியா என்றதும் பழைய ஆட்கள் இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்வார்கள். ஆஸ்திரியர்கள் சொல்வது கோர்டோபா. 1978 உலகக் கோப்பையில் ஹான்ஸ் கிராங்க்லின் இரண்டு கோல்களோடு நடப்புச் சாம்பியன் மேற்கு ஜெர்மனியை 3-2 என்று சாய்த்த இடம். ஜெர்மானியர்கள் அதைப் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. உலகத்தின் மற்றவர்கள் சொல்வது கிஹோன்.

1982 உலகக் கோப்பை, ஜூன் 25. அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனி ஒன்றிரண்டு கோலில் ஜெயித்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும். அல்ஜீரியா ஊருக்குப் போகும். பத்தாவது நிமிடத்தில் ஹோர்ஸ்ட் ஹ்ருபேஷ் கோல் அடித்தார். இடைவேளைக்குப் பிறகு, இருபத்திரண்டு பேரும் பந்தைத் தங்களுக்குள் தள்ளிக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளை உயர்த்தி ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளர், பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று நேயர்களிடமே சொன்னார். அன்றிலிருந்துதான் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

கவனிக்கவேண்டியது, அங்கே பொது முதலாளி யாரும் இல்லை. விதிமீறலும் இல்லை. இருவருக்கும் ஒரே முடிவு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஆகவே, தில்லுமுல்லு செய்ய ஒரே கம்பெனியின் காசு தேவையில்லை, அட்டவணை போதும். லைப்ஸிக்கும் சால்ஸ்பர்க்கும் இரண்டாவது முறை மோதவிருந்தது 2018 நவம்பர் 29-இல், பிரிவின் ஐந்தாவது ஆட்டத்தில். அன்றைக்குப் புள்ளிப்பட்டியல் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்துவிட்டுத்தான் செல்டிக் ரசிகர்கள் முணுமுணுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியிருந்தது. செப்டம்பர் 20 நடந்தது முதல் ஆட்டம். இருவருக்குமே மூன்று புள்ளி வேண்டியிருந்தது. விட்டுக்கொடுக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. அதிலும் சால்ஸ்பர்க்காரர்களுக்குத் தோற்கடித்தே ஆகவேண்டிய ரோஷம் இருந்தது.

சொந்த ஊருக்கு எதிரியாக

ரோஷத்துக்குப் பொருத்தமான ஆள்தான் சால்ஸ்பர்க்கின் அப்போதைய பயிற்சியாளர். மார்கோ ரோசே லைப்ஸிக்கில் பிறந்தவர். ஆட்டத்துக்கு முந்தைய வாரம்தான் 42 வயது முடிந்தது. அந்த ஊரின் பழைய அணியில் ஆடத் தொடங்கி, மைன்ஸில் யுர்கன் கிளாப்பின் கீழ் ஆடியவர். 2012-13இல் நாலாம் டிவிஷனில் லோகோமோட்டிவ் லைப்ஸிக்கின் பயிற்சியாளர். அந்த வருடம் அதே லீக்கில் ஆர்பி லைப்ஸிக்கும் இருந்தது. ஊரின் பழைய ஏழை அணியை வைத்துக்கொண்டு புதுப் பணக்காரனைச் சமாளித்தவர், மறுவருடம் அந்தப் பணக்காரனின் ஆஸ்திரிய வீட்டுக்கே வேலைக்குப் போனார். சிறுவர் அணிகளில் தொடங்கி, 2017-இல் பென்ஃபிக்காவை 2-1 என்று வீழ்த்தி ஐரோப்பிய இளையோர் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன்களில் அமடு ஹைதரா, ஹான்னெஸ் வோல்ஃப், ஸாவர் ஷ்லாகர் ஆகியோர் 2018-இல் பெரிய அணியில் அவரோடு இருந்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளாமலே யார் எங்கே ஓடுவார்கள் என்று தெரிந்த கூட்டம் அது.

ரோசேவின் அணி நடுகளத்தில் வைர வடிவில் நிற்கும். அடியில் மாலி நாட்டின் டியாடி சமசேகு. இரு பக்கமும் ஹைதரா, ஷ்லாகர். மேல் முனையில் வோல்ஃப். முன்னால் தபூர், கூட ஒருவர். ஓரங்களில் ஆள் இல்லாததால் அந்த வேலையைத் தடுப்பாட்டக்காரர்கள் ஸ்டெஃபான் லைனரும் ஆண்ட்ரியாஸ் உல்மரும் ஓடி ஓடிச் செய்வார்கள். (இங்கே லைனர், எதிரணியில் லைமர், வர்ணனையாளர்களுக்குச் சிரமமான இரவு.) 2018 கோடையில் வாலோன் பெரிஷாவை லாட்சியோவுக்கும், குரோஷியாவின் உலகக் கோப்பை இறுதி அணியில் இருந்த துயே சாலெத்தா-சாரை மார்சேய்க்கும் விற்ற பிறகும் அணி தளரவில்லை. அந்த சீசனில் உள்நாட்டு லீக்கில் அதுவரை ஆடிய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் வெற்றி. 2018 ஏப்ரலில் லாட்சியோவுக்கு எதிராக 72 முதல் 76-வது நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்து ஆட்டத்தைத் திருப்பியதை மறந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய சுற்றில் டோர்ட்மண்ட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தியவர்களும் இவர்களே. ஜெர்மன் பெயரைப் பார்த்துப் பயப்படும் அணியல்ல அது.

லைப்ஸிக் பக்கம் நிலைமை கொஞ்சம் தற்காலிகமாக இருந்தது. இரண்டு வருடம் நடத்திய ஆஸ்திரியர் ரால்ஃப் ஹாசன்ஹூட்டல் மே மாதம் விலகினார். அடுத்த பயிற்சியாளர் ஜூலியன் நாகல்ஸ்மன் ஹோஃபன்ஹைமிலிருந்து 2019 கோடையில்தான் வரவிருந்தார். இடைப்பட்ட ஒரு வருடத்துக்கு ரங்னிக்கே பயிற்சியாளர், ரங்னிக்கே விளையாட்டு இயக்குநர். சீசனை டோர்ட்மண்ட்டிடம் 1-4 என்ற அடியோடு தொடங்கினார்கள். ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஹனோவரை 3-2 என்று வென்றதுதான் முதல் லீக் வெற்றி. யூரோப்பா லீக்குக்குள் நுழைய ஜூலையிலிருந்தே மூன்று தகுதிச் சுற்று ஆடவேண்டியிருந்தது. உக்ரைனின் ஸோர்யாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் எமில் ஃபோர்ஸ்பெர்க் அடித்த பெனால்ட்டிதான் காப்பாற்றியது. ஆக, வியாழக்கிழமை ரங்னிக் எல்லா நட்சத்திரங்களையும் இறக்குவாரா, அல்லது ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்துக்காகச் சிலரைப் பத்திரப்படுத்துவாரா என்பது முக்கியமான கேள்வியாக இருந்தது.

டிமோ வெர்னரின் வேகம் அன்றைய லைப்ஸிக்கின் பெரிய ஆயுதம். ஆனால், அந்த ஆயுதத்துக்குத் திறந்த வெளி தேவை. எதிரணி மேலே ஏறி வரும்போது அதன் முதுகுக்குப் பின்னால் ஓடுவதுதான் வெர்னரின் ஆட்டம். சால்ஸ்பர்க் மேலே ஏறித்தான் வரும்; அந்த வகையில் அவருக்கு விருந்து. அதே சமயம், கெய்டா போனபின் லைப்ஸிக்கின் நடுகளத்தில், அழுத்தத்துக்கு நடுவே பந்தைத் திருப்பி வெளியே கொண்டுவரும் கால் இருக்கவில்லை. டீகோ டெம்மே, கெவின் காம்ப்ல் (இவரும் பழைய சால்ஸ்பர்க்காரர்) இருவரும் உழைப்பாளிகள். ஆனால், வைரத்தின் நாலு முனைகளும் ஒன்றாக நெருங்கும்போது உழைப்பு மட்டும் போதாது. பந்து அங்கே பறிபோனால் உபமெகானோவும் கூட்டாளிகளும் ஹைதராவின் ஓட்டத்துக்கு நேரெதிரே தனியாக நிற்கவேண்டியிருக்கும்.

இரண்டு அணிகளும் ஒரே பள்ளியில் படித்தவை என்பதால் எட்டு விநாடிக் கணக்கு இரு பக்கமும் ஓடும். இப்படிப்பட்ட ஆட்டங்கள் ஒன்று கோல் மழையாகும், அல்லது பந்து நடுவிலேயே மாறி மாறித் தட்டுப்பட்டுக் கண்ணைக் குத்தும். வெளியிடத்தில் ஆடினாலும் அணி ஒத்திசைவில் சால்ஸ்பர்க் ஒரு படி மேலே நின்றது என்பதால், முதல் அரை மணி நேரத்துக்குள் அவர்கள் கோல் போட்டுவிடுவார்கள் என்றும், லைப்ஸிக் பிற்பாதியில் துரத்தி வரும் என்றும் ஆட்டத்துக்கு முன் நினைத்தேன். சமநிலை, இல்லையென்றால் சால்ஸ்பர்க்கின் வெற்றி. லைப்ஸிக் சுலபமாக ஜெயிக்கும் என்று சூதாட்டக்காரர்கள் சொன்னதை நான் நம்பத் தயாராக இருக்கவில்லை.

ஆட்டம் எப்படி முடிந்தாலும், ஜனவரியில் ஆள் மாற்றும் சந்தை திறக்கவிருந்தது. அந்த வியாழக்கிழமை இரவு வைரத்தின் எந்த முனை அதிகம் மின்னுமோ, அந்த ஆட்டக்காரரின் பெயரை எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த விளையாட்டு இயக்குநர் குறித்துக்கொள்ளலாம். அன்று அவரே பயிற்சியாளரும் என்பதால், குறித்துக்கொள்ள வசதியான இருக்கையும் அவருடையதுதான். அதைத் தடுக்க அன்று யூஏஃபாவிடம் விதி எதுவும் இருக்கவில்லை.